பம்பரம் கீழ்த்தளத்துக்கு ஓடிய நாள்

அந்தப் பெரிய மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை பார்த்த அந்தப் பெண்ணைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அநேகமாக யாருமில்லை. மேலதிகாரியிலிருந்து மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் வரை எல்லோருக்கும் அவள் பம்பரம். முகத்துக்கு நேரே ‘பம்பரம்மா’. முதுகுக்குப் பின்னால் வெறும் பம்பரம். அவள் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்ளவும் ஓர் இடத்தில் நிற்க வேண்டுமே.

மதியச் சாப்பாட்டை ஜன்னலோரம் நின்றபடியே முடித்துவிடுவாள். கூட்டம் என்றால் கதவருகே நிற்பாள், பாதியில் நழுவ வசதியாக. எங்கேயோ ஒரு வார்டில் திரை உறைந்துவிட்டது என்று போன் வந்தால், பேசுகிறவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் படியேறியிருப்பாள். ஆரம்பத்தில் இதே மருத்துவமனையின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். எக்ஸ்சேஞ்சை மூடியபோது உடன் இருந்தவர்கள் மருந்துக்கிடங்குக்கும் வரவேற்பறைக்கும் போனார்கள். இவள் மட்டும் வயர்களோடு சேர்ந்து கணினிப் பிரிவுக்கு வந்துவிட்டாள். மாலை வகுப்புக்குப் போய், சர்வர்களை இயக்கும் லினக்ஸைக் கற்றுக்கொண்டாள். கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால் உடனே பதில் வருவது அவளுக்குப் பிடித்துப்போனது. மனிதர்கள் யோசித்துச் சொல்கிறேன் என்பார்கள். லினக்ஸ் அப்படிச் சொல்லாது.

அவளுடைய கணவன் நேர்மாறு. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவன். நிதானம் என்றால் அப்படியொரு நிதானம். அவர்கள் சந்தித்ததே அவள் மூக்குக்கண்ணாடி போடப் போன இடத்தில்தான். அளவெடுக்க அவன் குனிந்தபோதெல்லாம் அவள் தலையைத் திருப்பித் திருப்பித் தெருவைப் பார்த்திருக்கிறாள்.

“கொஞ்சம் ஆடாம இருங்க. உங்க கண்ணு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல” என்றானாம் அவன்.

கல்யாணத்துக்குப் பிறகும் அவன் அதே வாக்கியத்தைப் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

அவனுடைய கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. சட்டைப் பொத்தான் போடும்போது இடறுகிறது என்று முதலில் சிரித்துக்கொண்டே சொன்னான். ஊசி குத்திப் பார்த்தார்கள்; பதில் அப்படியும் இல்லை, இப்படியும் இல்லை. கடைசியில் அறுவை மருத்துவர் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார்.

“தைராய்டு சுரப்பில பாதியை எடுத்து, அப்பவே உள்ளேயே பரிசோதிச்சுப் பாத்துடுவோம். நல்ல கட்டின்னா அத்தோட தையல் போட்டுடலாம். சீக்கிரம் முடிஞ்சிடும். வேற மாதிரி இருந்தா மீதியையும் எடுக்கணும். நேரம் ஆகும்.”

அவள் அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை மட்டும் பிடித்துக்கொண்டாள். நேரம் ஆனால் கெட்ட செய்தி. அவ்வளவுதான் அவளுக்குப் புரிந்த மருத்துவம்.

அதே நாட்களில் வேலையிலும் அவளுக்கு ஒரு தலைவலி இருந்தது. அறுவை அரங்குக்கு வெளியே, சொந்தபந்தங்கள் காத்திருக்கும் கூடத்தில், ஒரு பெரிய திரைப்பலகை மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு எண். எண்ணுக்கு எதிரே ‘தயாராகிறார்’, ‘அறுவை நடக்கிறது’, ‘மீட்பு அறை’ என்று நிலை மாறிக்கொண்டே வரும். சில வாரங்களாக அந்தப் பலகை அடிக்கடி உறைந்துபோனது. உறைந்தாலும் வெறுமையாகாது, கடைசியாகக் காட்டியதையே காட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. செவிலியர்கள் புகார் சொல்ல, அவள் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் தானாகவே சரியாகியிருக்கும். தன் மேஜைக் கணினியிலிருந்து அந்தப் பலகையின் நெட்வொர்க் முகவரிக்குக் குரல் கொடுத்துப் பார்த்தால், ‘இருக்கிறேன்’ என்று ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. பலகை உறைந்திருக்கும்போதும் வந்தது. அதுதான் அவளுக்கு மண்டையைக் குடைந்தது.

நாள் முழுக்கத் தான் ஓடிக்கொண்டிருப்பதைவிட, ஓயாமல் பார்க்கிற ஒன்றை வைத்துவிடலாம் என்று முடிவு செய்தாள். நெட்வொர்க்கைக் கண்காணிக்க ஒரு மென்பொருள் உண்டு. நெட்வொர்க் வயர்கள் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டிகளில் எது, கருவிகளில் எது உயிரோடு இருக்கிறது, எது மூச்சுவிடவில்லை என்று விடாமல் கேட்டுக் கேட்டு, பதிலைக் கோடாக வரைந்து காட்டும். கிடங்கில் கிடந்த பழைய சர்வர் ஒன்றைத் தூசி தட்டி, லினக்ஸ் ஏற்றி, தன் மேஜை மேல் வைத்து அதை நிறுவினாள். முதல் நாளே கோடுகள் அழகாக ஓடின. சந்தோஷத்தோடு சர்வரை அணைத்து, கீழ்த்தளத்தில் இருக்கும் சர்வர் அறைக்குக் கொண்டுபோய் மாட்டி மறுபடி ஏற்றினாள். அவ்வளவுதான். ஒரு கோடு கூட நகரவில்லை.

கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்தாள். கோப்புகளின் அனுமதிகளைச் சரிபார்த்தாள். தரவுத்தளத்தை நிறுத்தி நிறுத்தித் தொடங்கினாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவலாம் என்றால், இணையத்திலிருந்து எதையும் இறக்கவிடாமல் லினக்ஸ் சிவப்பு வரிகளைக் கொட்டியது. சிவப்பைக் கண்டதும் அவளுக்கு முழுதாகப் படிக்கப் பொறுமை இல்லை. இணையப் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வால் கீழ்த்தளத்து வயர்களுக்குத் தடை போட்டிருக்கிறது என்று தானாகவே தீர்மானித்து, அதைக் கவனிக்கிறவரோடு போனில் சண்டை போட்டாள். அவர் எல்லாத் தடைகளையும் எடுத்துக் காட்டிய பிறகும் சிவப்பு வரிகள் அப்படியே வந்தன.

அந்த நிலையில்தான் அறுவை நாள் வந்து சேர்ந்தது.

அன்று அவளுக்கு விடுப்பு. கணவனைத் தள்ளுபடுக்கையில் வைத்து உள்ளே கொண்டுபோகும்போது அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, “ஓடிட்டே இருக்காத. கொஞ்சம் உக்காரு” என்றான். அவள் தலையாட்டினாள்.

கூடவே நாத்தனார் வந்திருந்தாள். கணவனுடைய தங்கை, ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்குப் பாடம் எடுப்பவள். யாரையும் உட்காரவைப்பது அவளுடைய தொழில். கூடத்தில் இரண்டு நாற்காலி பிடித்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணியையும் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

பம்பரம் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தாள். பலகையில் அவனுடைய எண்ணுக்கு எதிரே ‘அறுவை நடக்கிறது’ என்று வந்தது. பிறகு அது மாறவேயில்லை. சொந்தக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் போன் செய்து “என்ன ஆச்சு?” என்று கேட்டார்கள். ‘இன்னும் நடக்குது’ என்றே எல்லோருக்கும் சொன்னாள். மருத்துவர் சொன்ன ‘சீக்கிரம்’ தாண்டிவிட்டது என்று அவளுக்குப் பட்டது. அதே நேரம் இன்னொன்றும் தோன்றியது. அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பலகையை நம்பி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது பொய் சொல்லக்கூடிய பலகை என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மற்ற எண்களும் அசையவில்லை. உறைந்திருக்கிறதா? இல்லை, உண்மையிலேயே எல்லா அறுவையும் நடந்துகொண்டிருக்கிறதா?

மேஜையிலிருந்த செவிலியிடம் போய்க் கேட்டாள்.

“உள்ள போன் பண்ணக் கூடாதும்மா. முடிஞ்சதும் டாக்டரே வந்து சொல்வார். உங்களுக்குத் தெரியாததா?” என்றாள் அவள்.

பம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுவரோரம் போனாள், வந்தாள். பிறகு போனை நாத்தனார் கையில் திணித்தாள்.

“இத நீ வச்சுக்க. யாராவது பேசினா நீயே சொல்லிடு. நான் கீழ போயிட்டு வந்துடறேன்.”

“கீழயா? எதுக்கு அண்ணி?”

“அந்தப் பலகை சரியா இருக்கான்னு பாக்கணும்.”

“இன்னிக்கு உங்களுக்கு லீவு! டாக்டர் வந்து உங்களைக் கேட்டா?”

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை. படியிறங்கிப் போய்விட்டாள்.

கீழ்த்தளத்துச் சர்வர் அறையில் ஜன்னல் கிடையாது. குளிர்காற்றும் விசிறிகளின் இரைச்சலும்தான். அங்கே அவளுடைய சக ஊழியன் ஒருவன், சட்டைப்பையில் எப்போதும் திருப்புளி வைத்திருப்பதால் ஸ்க்ரூ என்று பெயர் வாங்கியவன், பிரித்துப்போட்ட ஒரு கணினிக்கு முன்னால் சம்மணமிட்டிருந்தான்.

“பம்பரம்மா! நீங்க இங்க என்ன பண்றீங்க? அவருக்கு ஆபரேஷன்னு சொன்னீங்களே?”

“நடந்துட்டு இருக்கு.”

“நடக்கும்போதா இங்க வந்தீங்க?”

“நீ வாயை மூடிட்டு உன் வேலையைப் பாரு.”

அவன் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்புளியைக் கையில் எடுத்தான்.

பலகையின் முகவரிக்குக் குரல் கொடுத்தாள். ‘இருக்கிறேன்’ என்றது. வழக்கம் போலத்தான். கண்காணிப்புத் திரையைத் திறந்தாள். வரைபடக் கட்டங்கள் எல்லாம் வெறுமை. ஸ்விட்சுகளிடம் கையால் கட்டளை தட்டிக் கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்கின்றன. அதே கேள்வியை மென்பொருள் கேட்டால் கட்டம் நிறைவதில்லை. மறுபடி நிறுவப் பார்த்தாள். சிவப்பு வரிகள். மேஜையை ஓங்கிக் குத்தினாள். இதே நேரம் மேலே கத்தியோடு யாரோ அவனுடைய கழுத்தருகே குனிந்திருப்பார்கள் என்ற நினைப்பு வந்து, அடுத்த கட்டளையைத் தப்பாகத் தட்டினாள்.

எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? போன் நாத்தனாரிடம். கைக்கடிகாரத்தை வீட்டிலேயே விட்டிருந்தாள். அந்த அறையில் சுவர்க் கடிகாரமும் இல்லை. சர்வரிடமே கேட்கலாம் என்று தேதி காட்டும் கட்டளையைத் தட்டினாள்.

வந்த பதிலைப் பார்த்ததும் முதலில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. மணியைப் பார்க்கக் கேட்டால் ஏதோ பழைய ஆண்டைக் காட்டுகிறதே என்று. இன்னொரு முறை தட்டினாள். அதே ஆண்டு. அவர்களுக்குக் கல்யாணமாவதற்கு முந்தைய ஆண்டு. அவன் தலை நிறைய முடியோடு இருந்த காலம்.

கையைத் தட்டச்சுப் பலகையிலிருந்து எடுத்தாள்.

இதுவரை பாதியில் தாண்டிப்போன சிவப்பு வரிகளை மேலே நகர்த்தி, விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். ‘இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை’ என்று அது அத்தனை நாளும் தெளிவாகத்தான் சொல்லியிருந்தது. பழைய ஆண்டில் நின்ற சர்வருக்கு இன்றைய கோப்பு வருங்காலத்துக் கோப்பு; வருங்காலத் தேதி போட்ட காகிதத்தை யார் வாங்கிக்கொள்வார்கள்? கண்காணிப்பு மென்பொருளின் பதிவுக் கோப்பைத் திறந்தாள். அங்கேயும் அதே கதை: கடைசியாக எழுதிய நேரத்துக்கு முந்தைய நேரத்தில் எதையும் எழுத முடியாது என்று பக்கம் பக்கமாக மறுப்பு. முதல் நாள், நிறுவும்போது அவள் கையால் போட்ட சரியான தேதியில் கோடு வரைந்திருக்கிறது. அணைத்துக் கீழே கொண்டுவந்ததும் சர்வரின் கடிகாரம் பழைய ஆண்டுக்கு ஓடிவிட்டது. ஸ்விட்சுகள் சொன்ன பதில்களையெல்லாம் மென்பொருள் வாங்கி, தேதியைப் பார்த்து, தூக்கி எறிந்துகொண்டே இருந்திருக்கிறது.

“ஸ்க்ரூ! இந்தச் சர்வர்ல, கரன்ட் இல்லாதப்பவும் கடிகாரம் ஓட ஒரு பேட்டரி இருக்குமே, காசு மாதிரி வட்டமா?”

“ஆமா.”

“அது செத்துப்போச்சு.”

அவன் எழுந்து வந்து திரையைப் பார்த்தான். “அட, ஆமா! இதுக்கா அந்த ஃபயர்வால்காரரைக் காய்ச்சி எடுத்தீங்க?”

“அவர்கிட்ட அப்புறம் மன்னிப்புக் கேட்டுக்கறேன். உன் கையில இருக்கிற மெஷின்லேர்ந்து அதைக் கழட்டிக் குடு.”

சர்வரை அணைத்து, மூடியைக் கழற்றி, பேட்டரியை மாற்றினார்கள். அது மறுபடி எழுந்து வர எடுத்துக்கொண்ட நேரத்தில் அவள் அந்தச் சிறிய அறையைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தாள். தேதியைச் சரிசெய்தாள். இனி நேரத்தை மருத்துவமனையின் தலைமைச் சர்வரிடம் கேட்டுக்கொள்ளும்படி கட்டளை எழுதிவைத்தாள். கண்காணிப்பைத் தொடங்கினாள்.

வெறும் கட்டங்களில் ஒரு புள்ளி. இன்னொரு புள்ளி. பிறகு ஒவ்வொரு மாடியாகப் பச்சை ஏறியது. ஸ்க்ரூ கைதட்டினான். அவள் தட்டவில்லை. அவளுடைய கண் பலகை இருக்கும் வரியைத் தேடியது.

அந்த மென்பொருள் ‘இருக்கிறாயா’ என்று மட்டும் கேட்பதில்லை. ‘யார் நீ’ என்றும் கேட்கும். பலகையின் முகவரிக்கு எதிரே வந்திருந்த பதில்: பிரின்டர்.

“பிரின்டரா? எந்தப் பிரின்டர்?” என்றான் ஸ்க்ரூ.

அடுத்த சுற்றில் அதே வரி ‘திரை’ என்று மாறியது. அதற்கடுத்த சுற்றில் மறுபடி பிரின்டர். அவளுக்கு எல்லாம் புரிந்துபோனது. ஒரே முகவரியில் இரண்டு கருவிகள் குடியிருக்கின்றன. பலகை உறையத் தொடங்கிய அதே வாரத்தில்தான் எக்ஸ்ரே பிரிவுக்குப் புதிதாக ஒரு பிரின்டர் வந்தது. மாட்ட வந்த வெளியாட்கள் யாரையும் கேட்காமல் கைக்கு வந்த முகவரி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பிரின்டர் விழித்துக்கொள்ளும்போதெல்லாம் பலகைக்குப் போக வேண்டிய செய்தி அங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. ‘இருக்கிறேன்’ என்று அவளுக்குப் பதில் சொல்லி ஏமாற்றியதும் அதே பிரின்டர்தான்.

அப்படியென்றால் மேலே பலகை உறைந்துதான் கிடக்கிறது.

எக்ஸ்ரே பிரிவுக்கு ஓடினாள். பிரின்டரின் பின்னால் கைவிட்டு நெட்வொர்க் வயரைப் பிடுங்கினாள்.

“ஐயோ, பம்பரம்மா! படம் பாதி வந்துட்டு இருக்கு!” என்று அலறினார் படமெடுப்பவர்.

“ஸ்க்ரூ வந்து வேற நம்பர் போட்டுக் குடுப்பான். அதுவரைக்கும் இதைத் தொடாதீங்க!”

அவள் காத்திருப்புக் கூடத்தின் வாசலுக்கு வந்தபோது பலகை ஒருமுறை கண் சிமிட்டியது. பிறகு ஏறக்குறைய எல்லா வரிகளும் ஒரே சமயத்தில் மாறின. கூடமே எழுந்து நின்றது. அவனுடைய எண்ணுக்கு எதிரே ‘மீட்பு அறை’ என்றிருந்தது. பக்கத்தில் நின்ற ஓர் அம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, “என் மகளுக்கும் முடிஞ்சிடுச்சு, பாருங்க! இப்பதான் முடிஞ்சுதாம்!” என்று அழுதாள். எப்போதோ முடிந்துவிட்டது என்று அவளிடம் சொல்ல பம்பரத்துக்கு மனம் வரவில்லை. ஓரமாக நின்ற ஒருவருடைய வரி மட்டும் மாறாமல் ‘அறுவை நடக்கிறது’ என்றே இருந்தது. அவர் மறுபடி மெல்ல உட்கார்ந்தார்.

நாத்தனாருடைய நாற்காலி காலி.

மீட்பு அறைக் கதவைத் திறந்துகொண்டு நாத்தனார் வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

“எங்க போயிருந்தீங்க? டாக்டர் வெளிய வந்து ‘மனைவி யாரு’ன்னு கேட்டார். நான் முழிச்சுட்டு நின்னேன். உங்களுக்குப் போன் பண்ணலாம்னா உங்க போன் என் கையிலயே இருக்கு!”

“என்ன சொன்னார்?”

“அண்ணன் கண்ணு முழிச்சதும் உங்களத்தான் தேடினாரு. நான்...”

“டாக்டர் என்ன சொன்னார், அதச் சொல்லு!”

“நல்ல கட்டிதானாம். பாதியோட நிறுத்திட்டாங்களாம். எப்பவோ முடிஞ்சிடுச்சு.”

“இன்னொரு தடவை சொல்லு.”

“நல்ல கட்டிதான் அண்ணி.”

“இன்னொரு தடவை.”

நாத்தனார் போனை அவள் கையில் வைத்துவிட்டு விலகி நின்றாள்.

உள்ளே அவன் கழுத்தில் கட்டோடு படுத்திருந்தான். குரல் வெறும் காற்றாக வந்தது. “உக்காந்தியா?” என்று கேட்டான். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவன் சிரிக்கப் பார்த்து, வலியில் முகம் சுளித்தான்.

வீட்டுக்கு வந்த பிறகும் நாத்தனார் அண்ணனுக்குத் துணையாகத் தங்கியிருந்தாள். கஞ்சி காய்ச்சினாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். அண்ணியோடு மட்டும் அளந்து அளந்துதான் பேசினாள். பம்பரம் வேலைக்குத் திரும்பினாள். மேலதிகாரி எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினார். ஃபயர்வால்காரர் அவளுடைய மன்னிப்பை வாங்கிக்கொண்டு ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பலகை அதற்குப் பிறகு உறையவில்லை. ஆனால் எங்கே எது நின்றாலும் மென்பொருள் அவளுடைய போனுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு ஒலிக்கும் அவள் துள்ளி எழுவதைப் பார்த்து, நாத்தனார் ஒரு மாலை சமையலறையில் பாத்திரம் துடைத்தபடியே கேட்டுவிட்டாள்.

“அண்ணி, நெஜத்தைச் சொல்லுங்க. அன்னிக்கு அந்த வேலையைச் செஞ்சே ஆகணுமா?”

ஊரெல்லாம் பாராட்டிய வேலை அது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

“இல்ல. மறுநாள் செஞ்சிருக்கலாம்.”

“பின்ன?”

“பயம். அந்த நாற்காலியில உக்காந்திருந்தா யாராவது வந்து கெட்டதாச் சொல்லிடுவாங்கன்னு பயம். ஓடிட்டு இருந்தா என்னைப் பிடிக்க முடியாதுல்ல.”

நாத்தனார் துணியைக் கீழே வைத்தாள். “எனக்கு மட்டும் பயம் இல்லையா? அப்பா அம்மா போனதுக்கப்புறம் எனக்கு இருக்கறது அவர் ஒருத்தர்தான். டாக்டர் வந்தப்போ பிடிச்சுக்க ஒரு கை இல்ல எனக்கு.”

பம்பரத்துக்கு அது அன்றுவரை தோன்றவே இல்லை. தன் பயத்தை மட்டுமே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். அந்தக் கூடத்தில் இன்னொருத்தியைத் தனியே விட்டுவிட்டோம் என்பது இப்போதுதான் உறைத்தது. நாத்தனாருடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். போன் ஒலித்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். அவள் எடுக்கவில்லை, முகத்தில் தவிப்பு அப்பட்டமாகத் தெரிந்தது.

“சரி, எடுத்துத் தொலைங்க” என்றாள் நாத்தனார். பல நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

முழுப் பரிசோதனை முடிவு வாங்க மூவரும் சேர்ந்து போனார்கள். நல்ல கட்டி என்று ஏற்கெனவே தெரியும். இருந்தாலும் மருத்துவர் தன் வாயால் சொல்லும்வரை பம்பரம் அதை நம்பத் தயாராக இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனார் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“எழுந்திரிங்க அண்ணி. நடக்கலாம். நானும் வரேன்.”

அந்த நீண்ட நடைவழியில் இருவரும் கைகோத்து நடந்தார்கள். நாத்தனார் தன் வகுப்பில் ஒரு பையன் பல் விழுந்ததை மறைக்க நாள் முழுக்க வாயே திறக்காமல் இருந்த கதையைச் சொன்னாள். பம்பரம் பாதி கேட்டாள், பாதி கேட்கவில்லை. பெஞ்சில் இருந்த அவன், தையலால் கழுத்தைத் திருப்ப முடியாமல், இருவரும் வருவதையும் போவதையும் கண்களாலேயே பார்த்துக்கொண்டிருந்தான். செவிலி அவனுடைய எண்ணைக் கூப்பிட்டபோது அவர்கள் நடைவழியின் அந்தக் கோடியில் இருந்தார்கள். அவன் எழுந்தான். அவர்கள் வந்து சேரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.